ஓட்டை விழாத மாசிக்காய்

மாசிக்காயை மூணு சுத்துதான் இழைக்கணும். அதுக்கு மேல இழைச்சா பிள்ளைக்கு வயிறு கட்டிக்கும்னு அம்மா நேத்தும் சொன்னா, முந்தாநாளும் சொன்னா, நாளைக்கும் சொல்லுவா. பாப்பாவுக்கு நாக்குல மாவு படிஞ்சிருக்கு. குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பாயில போட்டாச்சு. உத்தரத்தைப் பாத்து என்னமோ பேசிக்கிட்டிருக்கா. அஞ்சு மாசம் முடிஞ்சும் இன்னும் பேரு வைக்கல. அப்பன் வந்துதான் காதுல பேரு சொல்லணுமாம். இப்படியே போனா ரேஷன் கார்டுலயும் பாப்பாதான். உரைகல்லுல ரெண்டு சொட்டுப் பால் பீச்சி, காயை வச்சு ஒரு சுத்து. ஒண்ணு. பின்வாசல் நிலையில சாஞ்சு உக்காந்தா தோட்டம் முழுக்கத் தெரியும், ஆனா இன்னிக்கு ஒரு மண்ணும் தெரியல, கார்த்திகை மஞ்சு வாசப்படி வரைக்கும் வந்து படுத்திருக்கு. அதுக்குள்ளதான் என் கல்யாண மரம் நிக்குது. பதினோரு மணிக்கு வெட்ட வராங்க. வராங்க என்ன, வந்தாச்சு, முன்வாசல்ல தோட்டக்கலை ஆபீஸ் ஜீப் சத்தம் அப்பவே கேட்டுச்சு. அப்பா கெஞ்ச ஆரம்பிச்சாச்சு. "மத்ததெல்லாம் வெட்டிக்கங்க மேடம், நான் கேட்டனா? அது ஒண்ணு மட்டும் எம்பொண்ணு கல்யாணத்துக்கு நட்டது." அந்த மேடத்தோட குரல் கேக்கல. மெதுவாப் பேசுற பொம்பளை. மெதுவாப் பேசுறவங்ககிட்ட எங்கப்பாவால ஜெயிக்க முடியாது, கத்துறவங்களா இருந்தா நாலு வார்த்தை கூடக் கத்திட்டு வந்துருவாரு.

கல்யாணத்துக்கு நட்டது. வருஷம் ஒண்ணே கால் ஆகுது, இன்னும் அந்தக் கிளையோட ஈரச்சாக்கு வாசம் என் மடியில இருக்கு. எங்களுக்கெல்லாம் மணவறையில அரசாணிக்கால்னு ஒண்ணு நடுவாங்க, அரசங்கிளையும் கல்யாண முருங்கைக் கிளையும் சேத்துக் கட்டி, மஞ்சத்துணி சுத்தி. முடிஞ்சதும் முருங்கைக் கிளையைக் கொண்டுபோய் மண்ணுல நடணும். துளுத்துச்சுன்னா புருஷனும் பொண்டாட்டியும் நல்லா இருப்பாங்க. துளுக்கலைன்னா அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க. மலையில எங்க தோட்டத்துல மட்டும் எண்பது கல்யாண முருங்கை நிக்குது, அதுமேலதான் மிளகுக்கொடியே ஏறியிருக்கு. நல்ல கிளையாப் பாத்து வெட்டி, பந்தலுக்குன்னு எடுத்துவச்சு, வேன் கிளம்புற அவசரத்துல திண்டுக்கல் மாமா அதை விட்டுட்டு வந்துட்டாரு. தாம்பூலப் பை எண்ணூறும் வந்துச்சு, சீட்டுக்கட்டு வந்துச்சு, கிளை வரல. வத்தலக்குண்டு மண்டபத்துல நிக்கிறோம், முகூர்த்தத்துக்கு முக்கா மணி நேரம். என் மாமியா வீட்டு ஆளு ஒருத்தரு சைக்கிள்ல போய் வாய்க்கா ஓரத்து மரத்துல ஒரு கிளையை ஒடிச்சுட்டு வந்தாரு. இலைக்காம்பெல்லாம் முடிச்சு முடிச்சாப் புடைச்சிருந்துச்சு, இலை சுருண்டு கிடந்துச்சு. எங்கப்பா மூஞ்சி மாறிப்போச்சு. அப்ப மாமியா சொன்னா பாருங்க, "அட, சூல் புடிச்ச கிளைல்ல கிடைச்சிருக்கு! சீக்கிரமே மருமக முழுகாம இருப்பா." கூட்டமே சிரிச்சுச்சு. அப்பாவும் சிரிச்சாரு. நானும் வெக்கப்பட்டேன், வெக்கங்கெட்டவ. மாப்பிள்ளை வீடு திருப்பூர்ல வாடகை லைன் வீடு, முத்தம் பூரா சிமெண்டு, நட மண்ணில்ல. அதனால மறுவீட்டுக்கு வரையில கிளையும் எங்களோட மலை ஏறுச்சு. பட்டுச்சேலை நனையுதுன்னு அவன் சொன்னான், பரவால்லங்கனு நான் மடியிலயே வச்சுக்கிட்டேன். அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் அதைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன், முட்டாள் சிறுக்கி. இந்த மலைக்கு அந்தப் பீடையை மடியில வச்சுத் தாலாட்டிக் கொண்டுவந்தவ நான்தான்.

ரெண்டு. இழைக்க இழைக்கக் கல்லுல பழுப்பா ஒரு குழம்பு வருது, இதுல இம்புட்டுத் துவர்ப்பு எங்கதான் ஒளிஞ்சிருக்கோ. காயின்னு சொல்றோம், இது காயே இல்லையாம். இப்ப முன்வாசல்ல நிக்கிற ஷகிலா மேடம்தான் சொன்னது, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி முத முறையா வந்தப்ப. அன்னிக்கும் நான் இதே நிலையில உக்காந்து இதையேதான் இழைச்சிட்டிருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம், என் வயசுதான் இருக்கும், மலைக்குளிருக்கு ஆம்பளை ஸ்வெட்டர் போட்டிருந்துச்சு. மரத்தைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஒரு முடிச்சைப் பிளேடால கீறிக் காமிச்சுச்சு, உள்ள வெள்ளையா ஒரு புழு, அரிசிக் குருணைகூட அதைவிடப் பெருசு. "இது குளவிங்க. கொட்டுற குளவி இல்ல, எறும்பைவிடச் சின்னது. தளிர்ல முட்டையைச் செருகிட்டுப் போயிரும். மரம் அதைச் சுத்தி தானே சதையை வளக்கும். வீடும் மரமே கட்டிக்குடுக்குது, சோறும் மரமே போடுது." அப்புறம் என் கையப் பாத்து, "நீங்க இழைக்கிற மாசிக்காயும் இதே கதைதான். வெளிநாட்டுல ஓக்குன்னு ஒரு மரம், அதுல வேற ஒரு குளவி முட்டை வச்ச வீக்கம் அது. ஓட்டை இருந்தா குளவி வெளிய போயிருச்சுன்னு அர்த்தம். ஓட்டை இல்லாததுதான் மருந்துக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க." அம்மா நாட்டு மருந்துக் கடையில ஒவ்வொரு காயா உருட்டி உருட்டிப் பாத்து ஓட்டையில்லாததாத்தான் வாங்குவா. அப்படின்னா இந்தக் காய்க்குள்ள ஒண்ணு இருக்கு. வெளிய போகத் தெம்பில்லாம, இல்ல போக விடாம, உள்ளயே செத்து உலந்து. அதுதான் ஒசத்தி. அதைத்தான் இழைச்சு இழைச்சு என் பிள்ளைக்குக் குடுக்கிறேன். 

அன்னிக்கே மேடம் தெளிவாச் சொல்லிருச்சு, சும்மா சொல்லக்கூடாது. உங்க மரமும், வேலிக்கு அந்தப் பக்கம் பவுன்தாயி அம்மா தோட்டத்துல பதினோரு மரமும்தான் இப்போதைக்குப் பூச்சி பிடிச்சிருக்கு. இன்னிக்கே வெட்டி, இங்கயே எரிச்சிருங்க. குவிச்சு வைக்காதீங்க, வெட்டிப்போட்ட கிளையிலருந்தும் அது பறந்துரும். வேருக்கு ஊத்த மருந்து இருக்கு, ஆனா மிளகு ஏறின மரத்துக்கு ஊத்தினா மிளகுல ஏறும். கிளையை ஒடிச்சுப் போத்தா இனி எங்கயும் நடாதீங்க. பவுன்தாயி அத்தை ஒரு கேள்வி கேக்கல. புருஷன் செத்து ஆறு வருஷமா ஒத்த ஆளா அந்தத் தோட்டத்தைப் பாக்குறா, இருநூறு மரம், கேள்வி கேக்க நேரமில்லை. சாயங்காலத்துக்குள்ள பதினொண்ணையும் வெட்டி, காய் பிடிச்ச கொடியோட சேத்துக் கொளுத்திட்டா. எங்கப்பா மட்டும், "பாக்கலாம் மேடம், நாள் பாத்துச் செய்யலாம்"னாரு. நாள் பாத்து! மரம் வெட்ட. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். என் செல்லுல அவன் மெசேஜ் வந்து அப்ப நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு.

எனக்கு ஒத்துவரல. நீ அங்கயே இருந்துக்க. வக்கீல் மூலமா பேசிக்கலாம். அவ்வளவுதான். போனை எடுக்கல, அப்புறம் நம்பரையே மாத்திட்டான். என்ன ஒத்துவரல? சோறா, தூக்கமா, நான் குறட்டை விடுறனா, பொட்டப்பிள்ளை பொறந்ததா? சண்டை போட்டிருந்தாக்கூட நெஞ்சு ஆறும். ஒரு நாள் அடிச்சான்னாக்கூடச் சொல்லிக்க ஒண்ணு இருக்கும். பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர், காலையில போனா ராத்திரி வருவான், தட்டைக் கழுவி வைப்பான், டிவி பாப்பான். ஒத்துவரலைன்னு ஒரு நாள் மூஞ்சியில தெரிஞ்சிருக்கணுமே. தெரியல. இல்ல, தெரிஞ்சுச்சா? ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு என்னைப் பஸ் ஏத்திவிட வந்தப்ப, பையைத் தூக்கி உள்ள வச்சுட்டு, பஸ் கிளம்புற வரைக்கும் நிக்காம டீக்கடைப் பக்கம் போனான். டீ வாங்கத்தான் போறான்னு நெனச்சேன். பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டுற வரைக்கும் அந்த டீயை நெனச்சுக்கிட்டே வந்தேன். பீரோவுல அரக்குப் பட்டுச்சேலை ஒண்ணை விட்டுட்டு வந்தேன், மாங்காக்கரை போட்டது, நிச்சயத்துக்கு எடுத்தது. ஜாக்கெட் பத்தாது, பிள்ளை பொறந்து மூணாம் மாசம் திரும்பி வந்து கட்டிக்கலாம்னு. மூணாம் மாசம் அவங்க வந்து கூட்டிட்டுப் போறது முறை. நாலு ஆச்சு. அஞ்சு ஆச்சு. "மாப்பிள்ளைக்கு தீவாளி ஆர்டர் வேலை நெருக்குது"னு அப்பா ஊருக்கெல்லாம் சொன்னாரு. "ஆமாப்பா, நேத்துக்கூடப் பேசினாங்க"னு நானும் சொன்னேன். வாய் கூசாமச் சொன்னேன். பேரைக்கூட அவரே ரெண்டு மூணு யோசிச்சு வச்சிருக்காருன்னு அம்மாகிட்ட ஒரு படி கூடவே அளந்தேன். அம்மா, "சரி, வரட்டும்"னு மட்டும் சொன்னா.

அன்னிக்குக் கதவுக்குப் பின்னாடி நின்னப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வரமாட்டாரும்மா, வெட்டிருங்க. சொல்லல. ஏன் சொல்லல? அம்மாவைப் பாத்தேன், அதான். எங்கம்மா அமராவதி அந்த மரத்துக்குச் செஞ்ச பணிவிடையை எனக்குச் செஞ்சிருந்தா நான் இன்னும் ரெண்டு பிள்ளை பெத்திருப்பேன். வெள்ளிக்கிழமை மஞ்சத்தண்ணி, குங்குமம். அடியில சாணித்தண்ணி. வேப்பெண்ணெயில பஞ்சைத் தொட்டு ஒவ்வொரு இலைக்காம்பா தடவுவா, காதுல சீழ் பிடிச்ச பிள்ளைக்குத் தடவுற மாதிரி. முடிச்சை நகத்தால கிள்ளிக் கிள்ளிக் கொட்டாங்கச்சியில போட்டு அடுப்புல எரிப்பா. இவகிட்டப் போய் உன் மக வாழ்க்கை முடிஞ்சுபோச்சுன்னு எந்த வாயால சொல்ல? இந்த மரம்தான் அவளை நிமித்தி வச்சிருக்கு, இருந்துட்டுப் போகட்டும், ஒரு மரம்தானேன்னு விட்டேன். ஒரு மரம்தானே. அதுல ஊசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா விழுந்துச்சு. ஓட்டைக்கு ஒண்ணாப் பறந்துச்சு. எங்க மத்த மரத்துலயும் ஏறுச்சு, மறுபடி வேலியைத் தாண்டுச்சு. அத்தை தோட்டத்துல இருபது, அறுபது, போன வாரக் கணக்குக்கு நூத்தி நாப்பது. தலையில இலை ஒண்ணில்லாம மொட்டைமொட்டையா நிக்குது, பிடிமானம் போன கொடி பச்சைச் சரத்தோட மடிஞ்சு மடிஞ்சு கீழ சரியுது. தையில பறிக்க வேண்டிய மிளகு. அத்தை அதைப் பத்தி எங்க வீட்டு வாசல்ல வந்து ஒரு வார்த்தை கத்தல. முந்தாநேத்து ஊர்க்கூட்டத்துல மட்டும் எந்திரிச்சு, "எல்லாரும் வெட்டுறதா இருந்தா நான் மிச்சத்தையும் வெட்டுறேன். ஒண்ணு நின்னாலும் வெட்டினது வீண்"னு சொல்லிட்டு உக்காந்துட்டாளாம். அந்த ஒண்ணு எதுன்னு கேக்க ஊருல யாருக்கும் வாயில்ல. மரத்துக்குப் பதிலா சில்வர் ஓக்குக் கன்னு தராங்களாம். அது நெசமான ஓக்கு இல்ல, பேருதான் அப்படின்னு மேடம் சொல்லுச்சாம். பேருக்கு இருந்தாப் போதும்னு நான் ஒண்ணே கால் வருஷம் குடும்பம் நடத்தலையா.

மூணு. போதும். இதுக்கு மேல இழைக்கக்கூடாது. விரல் நுனியில தொட்டு பாப்பா வாய்கிட்டக் கொண்டுபோனேன், அவ சிரிக்கிறா, பால்னு நெனச்சு வாயைத் திறக்கிறா. அட பாவி மகளே, மூடிக்கடி. முன்வாசல்ல அப்பா குரல் ஒடஞ்சு கேக்குது. "அதுல கை வச்சா எம்மக வாழ்க்கையில கை வச்ச மாதிரி." ஜனங்க வீட்டைச் சுத்திப் பின்பக்கம் வர்ற காலடிச் சத்தம். அம்மா எங்க? காலையிலருந்து ஆளைக் காணோம். மஞ்சு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுது, கிணத்து மேடை தெரியுது, துவைக்கிற கல்லு தெரியுது, வேலி தெரியுது. வேலிக்கு அந்தப் பக்கம் பவுன்தாயி அத்தை அரிவாளோட நிக்கிறா. இந்தப் பக்கம் மரம். மரத்துமேல என்னமோ சுத்தியிருக்கு. நேத்துச் சாயங்காலமே அம்மா என்னமோ சுத்திட்டிருந்தா, இருட்டுல பழைய கொசுவலைன்னு நெனச்சேன். பனிக்கோ பூச்சிக்கோ. கொசுவலை இல்ல, சேலை. அரக்குச்சேலை. நனைஞ்சு கருத்துப்போய், முந்தியில மாங்காக்கரை தொங்குது. இதே மாதிரி எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சே. இதே மாதிரி. கரையோரம் கற்பூரம் சுட்ட ஓட்டைகூட, நிச்சயத்தன்னிக்கு விழுந்தது, அதே இடத்துல. அது திருப்பூர்ல இல்ல இருக்கு? பீரோவுல, மேல் தட்டுல. அது எப்படி இங்க வந்துச்சு? பாப்பாவைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு இறங்கினேன். மரத்துக்கு அந்தப் பக்கம் அம்மா குத்தவச்சு உக்காந்திருக்கா, கால்மாட்டுல அரிவாளு.

"ஏம்மா, அந்தச் சேலை ஏதும்மா?" அம்மா என்னைப் பாக்கல. தரையைப் பாத்துச் சொன்னா. "புரட்டாசியில திருப்பூர்லருந்து வந்துச்சு. காலைப் பஸ்ஸுல, கண்டக்டர் இறக்கிட்டுப் போனாரு. அட்டைப்பெட்டி. உன் துணியெல்லாம் மடிச்சு வச்சிருந்துச்சு, உன் சீப்பு கூட. பரண்ல கோழிக்கூடைக்குப் பின்னாடி வச்சிருக்கேன்." புரட்டாசி. எனக்கு மெசேஜ் வந்த அதே வாரம். "ஏம்மா சொல்லல?" "பால் குடுக்கிறவடி நீ. கேட்டா பால் வத்திப்போகும்னு பயந்துட்டேன். நீயும் அவர் பேசினாரு, பேரு யோசிச்சாருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியா, பாவம், இவளுக்கு இன்னும் தெரியல, இந்த மரத்தைப் பாத்துத்தான் தெம்பா இருக்கான்னு நெனச்சேன். நேத்து வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்ல முடியல. அதான் கட்டி விட்டேன். நீயே பாத்துத் தெரிஞ்சுக்கன்னு." எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அழுகைன்னு நெனச்சு வாயைத் திறந்தா சிரிப்பு. எனக்காக அவ தண்ணி ஊத்தினா. அவளுக்காக நான் ஊத்தவிட்டேன். அப்பா மட்டும்தான் நெசமா நம்பிக்கிட்டு நிக்கிறாரு, அந்தா, மேடத்துக்கு முன்னாடி கையைக் கூப்பிக்கிட்டு. "அப்பா, விடுங்கப்பா. அவர் வரமாட்டாரு. சொல்லி ரெண்டு மாசமாச்சு." அப்பா கூப்பின கையை இறக்கவே இல்ல. என்னைப் பாத்தாரு, சேலையைப் பாத்தாரு, அம்மாவைப் பாத்தாரு. "எனக்கு யாரும் சொல்லலையே"ன்னாரு, பந்தியில விட்டுப்போன ஆளாட்டம்.

பாப்பாவை அம்மா கையில குடுத்துட்டு அரிவாளை எடுத்தேன். சேலையை அவுக்கல. அதுல எத்தனை ஒட்டியிருக்கோ. கல்யாண முருங்கை மெத்துனு இருக்கும், வாழை மாதிரி இறங்கும், நாலே வெட்டு. முள்ளு முழங்கையைக் கிழிச்சுது. மேடம் சீமெண்ணெய் ஊத்தி அங்கயே பத்தவைக்கச் சொல்லுச்சு, ஈரத்துல பிடிக்கவே இல்ல, புகையா வந்துச்சு, அப்புறம் பட்டுதான் முதல்ல பிடிச்சுது. முடி கருகுற நாத்தம். புகைக்கு அந்தப் பக்கம் பவுன்தாயி அத்தை இன்னும் நிக்கிறா. எல்லாத்தையும் கேட்டிருக்கா. மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு வேலிகிட்டப் போனேன். அழுதா கட்டிப்பிடிச்சு அழலாம், திட்டினா வாங்கிக்கலாம். அவ ரெண்டும் செய்யல. "ரெண்டு மாசமாவே ரெண்டு பேருக்கும் தெரியும், இல்லத்தா?"ன்னா. தலையை ஆட்டினேன். "அன்னிக்கு என் மரம் பதினொண்ணுதான் போயிருந்துச்சு"ன்னா. சத்தமே இல்லாமச் சொன்னா. சொல்லிட்டு, இடுப்புல சேலையைச் செருகிக்கிட்டு, மிச்சமிருக்கிற மரத்தையெல்லாம் வெட்டத் திரும்பி நடந்தா. முதல் வெட்டு விழுந்துச்சு. ரெண்டாவது. பின்னாடி பாப்பா வீறிட்டு அழ ஆரம்பிச்சுட்டா, அம்மா அந்த மருந்தை நாக்குல தடவிட்டாபோல. நான் அரிவாளை எடுத்துக்கிட்டு வேலியைத் தாண்டி அடுத்த மரத்துகிட்டப் போனேன். அத்தை நிமிந்து பாத்தா, வேணாம்னு சொல்லல, வான்னும் சொல்லல.